ஜன்னல் கட்சி

ஜனவரி 9

என் வாயாடிக்குப் பாட்டி எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். படி ஏறும்போது முழங்கால் சத்தம் போடுகிறதாம். எனக்குக் கேட்பதில்லை, பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். நீயும் மாப்பிள்ளையும் சுகமா? போனில் உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. காது இனி தேறாது, பக்கத்தில் வந்து காதோடு பேசினால்தான் கேட்கிறது. எழுதுவதுதான் சரி.

விஷயம் இதுதான். டி.வி. செத்துவிட்டது. கீழ்க்கடை ரிப்பேர்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பின்பக்கத்தைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். "இதுக்கு வைத்தியம் கிடையாது பாட்டி. ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போடுங்க. படம், பாட்டு, பேத்தி முகம், எல்லாம் ஒரே பெட்டியில வரும்" என்றாள். எந்தப் பெட்டி என்று கேட்டேன். அங்கேதான் வில்லங்கம். இரண்டு கட்சியாம். ஒன்று ஜன்னல் கட்சி. மற்றது பழக் கட்சி, அதன் முதுகில் கடித்த பழம் போட்டிருக்கிறது. "கடிச்ச பழத்தை எவளாவது கடையில வச்சு விப்பாளா?" என்றேன். "அதான் பாட்டி விலை ஜாஸ்தி" என்றாள். அவள் ஜன்னல் கட்சி.

நீ கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவள். மாப்பிள்ளையோ வீடுவீடாகக் கேமராவும் தானாகத் திறக்கிற கதவும் மாட்டிக் கொடுக்கிறவர். உங்களைவிட யாருக்குத் தெரியும்? எதை வாங்கட்டும், சொல். உன் சின்னப் பாட்டி பழம் வைத்திருக்கிறாளாம். அதற்காகவே எனக்கு அது வேண்டாம் என்று தோன்றுகிறது. அம்மா படுக்கையில் கிடந்தபோது, கேட்காமல் கொள்ளாமல் என் தையல் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவள் அவள். நீ இருக்கிற ஊரிலேயே கார் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருக்கிறாள். உன்னை ஒரு நாள் எட்டிப் பார்த்தாளா? மாட்டாள்.

வேளைக்குச் சாப்பிடு. உன்னை வளர்த்தவள்,
பாட்டி

ஜனவரி 24

ஏ கிழவி,

சுகமா? முழங்காலுக்கு எண்ணெய் போடு, எனக்குப் பதில் சொல்லிக்கொண்டே போடு. நாங்கள் நலம்.

நீ கேட்டாயே, மகாராணி மாதிரி விலாவாரியாகவே சொல்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாம் பழம். டி.வி., போன், விளக்கு, பாட்டுப் பெட்டி, வாசல் கதவு, எல்லாம் ஒரே குடும்பம், ஒரே கணக்கு. அந்தக் கணக்கு அவருடையது. நான் போனில் ஒரு படம் எடுத்தால் அது அவருடைய திரையிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். பாட்டைச் சமையலறையில் நிறுத்திவிட்டுக் கூடத்துக்கு வந்தால் விட்ட இடத்திலிருந்து அது பாடும். போனை எங்கே வைத்தேன் என்று நான் தேடவே வேண்டாம். அவர் ஆபீசில் உட்கார்ந்தபடியே "சோபாவுக்கு அடியில பாரு" என்பார். இந்த வீட்டில் எதுவும் தொலையாது பாட்டி.

ஜன்னல் கொஞ்சம் முரடு. வேலை நடுவில் "இரு, நான் என்னைப் புதுப்பித்துக்கொள்கிறேன்" என்று படுத்துவிடும். ஆனால் திறக்கலாம், கழற்றலாம், எந்தத் தெருமுனைக் கடைக்காரனும் கை வைக்கலாம். என் வீடியோ வேலையெல்லாம் இன்னும் என் பழைய கறுப்பு ஜன்னலில்தான். அதன் விசிறிச் சத்தத்தைக் கேட்டால் அவருக்கு எரிச்சல். எனக்கு அது துணைக்கு ஆள் இருக்கிற மாதிரி.

படம் பார்க்க, பாட்டுக் கேட்க உனக்கு எதுவானாலும் போதும். யோசித்து வாங்கு.

உன் வாயாடி

பாட்டிக்கு வணக்கம். பழமே வாங்குங்கள். என் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறேன். இங்கிருந்தபடியே உங்கள் வீட்டையும் நான் பார்த்துக்கொள்ள முடியும். — மாப்பிள்ளை

பிப்ரவரி 6

என் வாயாடிக்கு,

நலமாக இருக்கிறாயா? இங்கே குறை ஒன்றும் இல்லை, டி.வி. இல்லாத குறைதான்.

உன் கடிதத்தின் அடியில் மாப்பிள்ளை கையெழுத்தைப் பார்த்தேன். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. நீ எனக்கு எழுதுவதை ஒட்டுவதற்கு முன்னால் அவர் படிப்பாரா? படிக்கட்டும், எனக்கென்ன பயம்? ஆனால் என் வீட்டை நானே பார்த்துக்கொள்வேன் என்று அவரிடம் சொல்.

எனக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. உன் கல்யாணச் சாப்பாட்டின்போது உன் தட்டு காலியாக இருந்தது. "இன்னும் கொஞ்சம் போடவா கண்ணு?" என்று உன்னைத்தான் கேட்டேன். நீ வாயைத் திறந்தாய். அதற்குள் அவர் உன் தட்டின் மேல் கையை வைத்து, "அவளுக்குப் போதும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எவ்வளவு அக்கறை என்று உன் பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். நான் கரண்டியோடு நின்றேன். அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டையின் நிறம்கூட எனக்கு மறக்கவில்லை, ஈரச் சாம்பல் நிறம்.

உன் கறுப்புப் பெட்டி எப்படி இருக்கிறது? ரயிலில் அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனாயே. வேலை நிறைய வருகிறதா? அதைப் பற்றி எழுது.

மறக்கத் தெரியாத,
பாட்டி

மார்ச் 29

ஏ கிழவி,

நீ நலம்தானே? நானும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

கறுப்புப் பெட்டி இப்போது இல்லை. ஒரே வீட்டில் இரண்டு கட்சி இருந்தால் குழப்பம் என்று அவர் யாருக்கோ கொடுத்துவிட்டார். வீடியோ வேலையையும் விட்டுவிட்டேன், கண்ணுக்கு நல்லதில்லையாம். உன் போன கடிதத்தை அவர் இரண்டு தடவை படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். சட்டை நிறத்தைப் பற்றி அன்று இரவு முழுக்கப் பேசினோம். இனிமேல் கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் எழுது பாட்டி. நானும் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பழத்தைப் பற்றி உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. பார்க்க அவ்வளவு அழகு. வருகிறவர்களெல்லாம் தொட்டுப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள். ஆனால் வெளியே ஒரு திருகாணி கிடையாது. உள்ளே இருப்பது உள்ளேயேதான். வெளியாள் கை வைத்தால் அதற்குப் பிடிக்காது. அதன் கடையில் இல்லாத எதையும் உள்ளே விடாது. என்ன பார்க்கலாம், யாரோடு பேசலாம் என்று அனுமதி கொடுக்கிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர். கடவுச்சொல்லைப் போன மாதம் மாற்றியாயிற்று. எனக்குத் தெரியாது. பகலில் அது பூட்டியே இருக்கும்.

ஆகையால் நீ ஜன்னல் வாங்கு. முரடாக இருந்தால் இருக்கட்டும். எனக்கு ஜன்னல்தான் வேண்டும் என்று எப்போதுமே சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா?

வாயாடி

பாட்டிக்கு வணக்கம். இவள் விளையாட்டுக்கு எழுதுகிறாள். இப்போது பழம் என்றால் இவளுக்கு உயிர். — மாப்பிள்ளை

ஏப்ரல் 5

சின்னவளுக்கு, உன் அக்கா எழுதுவது.

நீ உயிரோடு இருப்பதாகச் சொன்னார்கள். நானும் இருக்கிறேன்.

சமாதானம் பேச எழுதவில்லை. மிஷின் விஷயம் அப்படியே இருக்கட்டும், அதை நான் சாகும்போது எடுத்துக்கொண்டு போவேன். இது வேறு. உன் ஊரில் என் பேத்தி இருக்கிறாள். முகவரி பின்னால் எழுதியிருக்கிறேன். போய் அவளைக் கண்ணால் பார்த்துவிட்டு வா.

ஏன் என்று கேட்பாய். அவள் கடிதத்தை ரிப்பேர்காரியிடம் படித்துக் காட்டினேன், எந்தப் பெட்டி வாங்கலாம் என்று கேட்கத்தான். பாதி படிக்கும்போதே அவள் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டாள். "பாட்டி, பழத்தைத் திறக்கலாம். கருவி வேணும், அவ்வளவுதான், நானே திறந்திருக்கேன். இது உங்க பேத்திக்குத் தெரியாதா? அவ மிஷினைப் பத்தி எழுதலை" என்றாள். மறுபடியும் படித்தேன். பழம் என்று வருகிற இடத்திலெல்லாம் வீடு என்று வைத்துப் படித்தேன்.

இந்தப் பெண் பிறந்ததிலிருந்து வாயை மூடியதில்லை. தூக்கத்தில்கூடப் பேசுவாள். அவளுக்கு யாரோடு பேசலாம் என்று ஒருவன் அனுமதி கொடுக்கிறான்.

நான் சொன்னேன் என்று காட்டிக்கொள்ளாதே. உன்னிடம் வந்து நிற்க எனக்கு எவ்வளவு கசப்பு என்று உனக்குத் தெரியும். அதை வைத்து விஷயம் எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்.

அக்கா

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

சுகம். நீ சுகமா என்று கேட்டால் அதற்கும் திட்டுவாய். கேட்கிறேன், சுகமா?

இரண்டு தடவை போனேன். முதல் தடவை சாயங்காலம். அவனே கதவைத் திறந்தான். சிரித்த முகம், நல்ல மரியாதை. "தூங்குறா, உடம்பு சரியில்ல" என்றான். வாங்கிப்போன பையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டான். மறு தடவை அவன் இல்லாத நேரம் பார்த்துப் பகலில் போனேன். மணியை அடித்தேன். சுவரிலிருந்து அவன் குரல் வந்தது அக்கா. ஆபீசிலிருந்து பேசுகிறான். "என்ன சின்னப் பாட்டி, மறுபடியும் வந்துட்டீங்க? அவ ரெஸ்ட் எடுக்கிறா." "கதவைத் திறக்கச் சொல்லுப்பா, தண்ணி குடிச்சிட்டுப் போறேன்." "கதவு என் போன்ல இருந்துதான் திறக்கும். அடுத்த தடவை சொல்லிட்டு வாங்க." நான் படி இறங்கித் தெருவுக்குப் போகும் வரைக்கும் மேலே ஒரு கேமரா தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

சுற்றிக்கொண்டு பின் சந்துக்குப் போனேன். சமையலறைக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். அந்த ஜன்னல் திறக்கிற ஜன்னல் இல்லை. கண்ணாடியைச் சுற்றி ரப்பர் வைத்து அடைத்திருக்கிறது.

போலீசுக்குப் போனேன். "அந்தப் பொண்ணே வந்து எழுதிக் குடுக்கட்டும்" என்றார்கள். வர முடிந்தால் எழுதியா கொடுப்பாள்?

கார் கண்ணாடிக்கும் அதே மாதிரி ரப்பர்தான். சொல், என்ன செய்யட்டும்?

சின்னவள்

ஏப்ரல் 27

அன்புள்ள பாட்டி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.

இனி கடிதம் எழுத வேண்டிய அவசியம் இல்லை. உங்களுக்காக ஒரு புதிய கம்ப்யூட்டரை இவர் தேர்வு செய்து வைத்திருக்கிறார். எங்கள் கணக்கில் சேர்த்து, தயார் நிலையில் அனுப்பி வைக்கப்படும். அதன் பிறகு அதிலேயே பேசிக்கொள்ளலாம். சின்னப் பாட்டி அடிக்கடி வருவது எனக்குச் சிரமமாக இருக்கிறது. தயவுசெய்து அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். நான் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறேன்.

தங்கள் அன்புப் பேத்தி

மே 3

என் வாயாடிக்கு,

நலம்தானே? டைப் அடித்த கடிதம் வந்தது. ரொம்ப அழகாக இருந்தது. பேச்சு வந்த நாளிலிருந்து என்னைக் கிழவி என்றும் நீ என்றும்தான் கூப்பிடுவாய், திடீரென்று இவ்வளவு மரியாதை கொடுத்துவிட்டாய். கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தது போலிருக்கிறது. நல்லதுதான்.

மாப்பிள்ளைக்கு என் நன்றியைச் சொல். ஆனால் பெட்டி அனுப்ப வேண்டாம். நான் ஜன்னலுக்கே சொல்லிவிட்டேன். நீ கேட்டதுதானே. ஜூன் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை காலையில், எல்லாரும் வேலைக்குப் போன பிறகு ஆள் வந்து வேலையை முடித்துக் கொடுப்பாளாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை, அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஜன்னல் வருகிற நேரத்தில் போன் கையில் இருக்கணுமாம். அணைக்கவே கூடாதாம், சார்ஜ் நிறைய இருக்கணுமாம். கனமான சாமான் எதையும் பக்கத்தில் வைக்கக்கூடாதாம், செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு நிற்கணுமாம், கரண்ட் அடிக்காமல் இருக்க. இதெல்லாம் சரியா, நீ படித்தவள், யோசித்துப் பார்.

சின்னவளைப் பற்றி எழுதியிருந்தாய். அவளும் நானும் பேசுவதில்லை என்று உனக்குத் தெரியாதா? அவள் அந்த வாசல் மணியை இனிமேல் அடிக்க மாட்டாள். அதற்கு நான் பொறுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாட்டி

ஜூன் 9

அக்காவுக்கு,

சுகம். எல்லாரும் சுகம். முதலில் அதை எழுதிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, வாசல் பக்கமே போகவில்லை. பின் சந்தில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். ரெக்சின் வெட்டுகிற கத்தியை எடுத்து ரப்பரில் ஒரு கீறல் விட்டு இழுத்தேன், நாடா மாதிரி கழன்று வந்தது. உள்ளே அவள் செருப்போடு நின்றாள். கையில் போன், வேறு ஒன்றும் இல்லை. கண்ணாடியை அவள் தள்ள நான் வாங்கிக் கீழே வைத்தேன். தட்டை வாங்கி வைப்பது போலத்தான் இருந்தது. அவ்வளவு மெலிந்திருக்கிறாள், அந்த இடைவெளி அவளுக்குத் தாராளம்.

அப்போது வீட்டுக்குள் அவன் குரல் கேட்டது. "கண்ணு, சமையலறையில என்ன சத்தம்?" யாரும் இல்லாத கூடத்திலிருந்து, அவ்வளவு அன்பாக. அவள் அப்படியே நின்றுவிட்டாள் அக்கா. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

வழியெல்லாம் பேசவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. பாலம் தாண்டிய பிறகு காதுக்குப் பக்கத்தில், "ஏ சின்னக் கிழவி, இப்படி ஓட்டினா அவன்கிட்ட பிழைச்சு உன்கிட்ட சாவேன்" என்றாள். ஓரமாக நிறுத்தி இரண்டு பேரும் அழுதோம்.

அவளை எங்கே வைத்திருக்கிறேன் என்று உனக்குக்கூட எழுத மாட்டேன். என் வீட்டில் இல்லை. போனை நீ சொன்னபடி அணைக்காமல், சார்ஜ் ஏற்றுகிற கட்டியோடு சேர்த்து, உன் ஊர்ப் பஸ் டிரைவரிடம் அன்றைக்கே கொடுத்தனுப்பினேன். கைக்கு வந்திருக்கும். அதைச் சுற்றியிருக்கிற உறை உன் மிஷினில் தைத்தது. அது இன்னும் நன்றாக ஓடுகிறது. வேண்டுமானால் நீயே வந்து எடுத்துக்கொண்டு போ.

அவன் நேரே உன்னிடம்தான் வருவான் அக்கா. எனக்குத் தூக்கம் வரவில்லை.

சின்னவள்

ஜூன் 12

மதிப்பிற்குரிய பாட்டி அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

அவளுடைய போன் உங்கள் வீட்டில், தெருப் பக்கம் உள்ள அறையில் இருப்பதை என் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அது அங்கிருந்து நகரவில்லை. அவள் வெளியே வரப் பயப்படுகிறாள் என்று புரிகிறது. எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு எதையும் தனியாக யோசித்துச் செய்து பழக்கமில்லை, அவ்வளவுதான். அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும்.

வரும் இருபத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போகிறேன். தயாராக இருக்கச் சொல்லுங்கள். உங்கள் வாசல் கதவு பழையது. போன முறை வந்தபோதே பார்த்தேன், ஒரு தள்ளுத் தள்ளினால் உள்தாழ்ப்பாள் கையோடு வந்துவிடும். வயதானவர் தனியாக இருக்கும் வீடு. அதையும் சரிசெய்து தருகிறேன்.

உங்கள் மாப்பிள்ளை

ஜூன் 21, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. மேஜையில், போனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நீ உள்ளே வந்ததும் கண்ணில் படும். எதிர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். நீ பேசினால் எனக்குக் காது கேட்காது, கத்தினாலும் கேட்காது. ஆகவே எழுதி வைக்கிறேன். உட்கார்ந்து படி.

நான் நலம். கதவைத் தாழ்ப்பாள் போடவில்லை, உனக்கு எதற்குச் சிரமம்.

இத்தனை நாளும் நீங்கள் என்றும் அவர் என்றும் எழுதிக்கொண்டிருந்தேன். இனிமேல் நீதான்.

போன் இதோ இருக்கிறது. ஒரு நாள்கூடப் பட்டினி போடாமல் சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள், அது உன் கணக்குதானே. அவள் இங்கே இல்லை. அறைகளைத் திறந்து பார்க்கலாம், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கலாம். எங்கே என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது, தெரியவேண்டாம் என்று நானே சொன்னேன். உன் வீட்டில் எதுவும் தொலையாது என்று அவள் ஒரு தடவை எழுதியிருந்தாள். தொலைந்துவிட்டது பார்.

என் பின்னால் இருக்கிறதே, அதுதான் நான் வாங்கிய ஜன்னல். படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். ரொம்ப முரடு, விசிறி சத்தம் போடுகிறதாம். மேலே ஒரு சின்ன விளக்கு எரிகிறது, பார்த்தாயா? அதற்குக் கீழே ஒரு கண் இருக்கிறது. கீழ்க்கடையில் ரிப்பேர்காரி, அவள் புருஷன், எதிர்வீட்டு வக்கீலம்மா, மூன்று பேரும் உட்கார்ந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீ பேசுவது எனக்குக் கேட்காது. அவர்களுக்குக் கேட்கும். வீட்டைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய்.

உன் கை இப்போது எதன் மேல் இருக்கிறது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கும் பார்த்தேன். அவளை இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார்க்கிறேன், பேசிப் பார்க்கிறேன், ஒரு தடவை பார்க்கிறேன் என்று ஏதாவது சொல்லுவாய். வாயைத் திறப்பதற்குள் உனக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்குப் போதும்.

பாட்டி